வயிறு தட்டாத வண்டி

அந்த ஜீப் வண்டிக்கு வயது இருபத்தெட்டு. ஜாக்கியின் கைக்கு அது வந்து பதினேழு வருடம் ஆகிறது. இந்தப் பதினேழு வருடத்தில் அவர் அந்த வண்டிக்குள் உட்கார்ந்திருந்த நேரத்தையும் அதற்கு அடியில் படுத்திருந்த நேரத்தையும் யாராவது கூட்டிப் பார்த்தால், படுத்திருந்ததுதான் ஜெயிக்கும். தெருவில் பலருக்கு அவருடைய முகத்தைவிடக் கால்கள்தான் பழக்கம். அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கால்கள். ஒன்றில் மட்டும் செருப்பு. பேப்பர் போடுகிறவர், பக்கத்து வீட்டு டீச்சர், மீட்டர் பார்க்க வருகிறவர் எல்லோரும் அந்தக் கால்களிடம்தான் நலம் விசாரிப்பார்கள். கட்டைவிரல் அசைந்து பதில் சொல்லும்.

ஜாக்கி என்பது பட்டப்பெயர். ஒருமுறை ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸ் டயர் பஞ்சராகி, டிரைவர் வண்டியைத் தூக்கும் ஜாக்கியைத் தேடித் தவித்துக்கொண்டிருந்தபோது, இவர் தன் சாப்பாட்டுப் பையைத் திறந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அன்று அதை ரிப்பேருக்குக் கொண்டுபோயிருந்தார், அவ்வளவுதான். ஆனால் டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் ஜாக்கியை வைத்துக்கொண்டு வேலைக்கு வருகிற மனிதரை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்?

அந்த ஆறு மாடி ஆஸ்பத்திரியில் அவருக்கு லிஃப்ட் பராமரிக்கும் வேலை. லிஃப்ட் மேலே போவதும் கீழே வருவதும் பெரிய விஷயமே இல்லை, சரியாக நிற்பதுதான் விஷயம் என்பார். லிஃப்ட்டின் தளமும் மாடியின் தரையும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். ஒரு விரல் அளவு மாறினால் போதும், வாக்கர் பிடித்து வருகிற பெரியவர் தடுக்கிவிடுவார். ஸ்ட்ரெச்சர் குலுங்கும், தையல் போட்ட இடம் சுண்டி இழுக்கும். அதனால் ஏதாவது ஒரு மாடியில் லேசாகத் தடுக்குகிறது என்று நர்ஸ் சொன்னால் போட்டது போட்டபடி ஓடுவார். லிஃப்ட் நின்றுபோன நாட்களில் ஆறு மாடியும் படிக்கட்டில் ஏறி இறங்குகிற ஒரே ஊழியர் லிஃப்ட்காரர்தான். மாலையில் பஸ்ஸில் உட்கார்ந்ததும் கண் சொருகும். இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி நடந்து வந்த நாட்கள் நிறைய.

மனைவிக்கு மருந்துக்கடை கவுன்டரில் வேலை. காலையிலிருந்து மதியம் வரை நின்றபடியே மாத்திரை எடுத்துக் கொடுக்க வேண்டும். நாற்காலி ஒன்று உண்டு, அது முதலாளிக்கு. வேலை முடிந்து வந்து முழங்காலுக்குத் தைலம் தேய்ப்பாள். "நின்னு நின்னு வர்ற வலிதான்" என்பாள். ஜாக்கியும் தன் இடுப்புக்கு அதே தைலத்தை வாங்கித் தேய்ப்பார். வீட்டில் யாருக்கு என்ன வலி என்று பிரித்துப் பார்க்கிற நிலையில் இரண்டு பேருமே இல்லை.

இரண்டு பேரையும் வீட்டைவிட்டு வெளியே இழுத்துக்கொண்டு போனது அந்த வண்டிதான். ஊருக்கு வெளியே பழைய கல்குவாரியைத் தாண்டினால் ஒரு காய்ந்த ஆற்றுப்படுகை. அதன் கற்களுக்கு நடுவே மெதுவாக ஊர்ந்து போனால் ஒரு மேட்டுப் பாறை வரும். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை. காற்று இருக்கும், கொண்டுபோன பிளாஸ்க்கில் டீ இருக்கும், கூப்பிட ஆள் இருக்க மாட்டார்கள். அது போதும் அவர்களுக்கு.

ஓட்டுவது ஜாக்கி என்றாலும் ஓட்ட வைப்பது மனைவி. மோசமான இடம் வந்தால் அவள் இறங்கிவிடுவாள். வண்டிக்கு முன்னால் பின்னோக்கி நடந்துகொண்டே, எந்தச் சக்கரம் எந்தக் கல்லின் மேல் ஏற வேண்டும் என்று கையால் காட்டுவாள். உள்ளங்கையைக் காட்டினால் நில். விரலை மடக்கினால் வா. ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவருக்கு வண்டியின் மூக்குக்குக் கீழே இருக்கிற கல் தெரியாது, அவளுக்குத் தெரியும். ஜாக்கி எட்டிப் பார்த்தால் அங்கேயே நின்று கத்துவாள்: "கல்லை ஏன் பாக்கறீங்க? என் கையைப் பாருங்க!"

இரண்டு வருடத்துக்கு முன்னால் போனதுதான் கடைசி. அன்றைக்கு அவள் இறங்கவில்லை. "போங்க, பரவாயில்லை, இங்கேருந்தே தெரியுது" என்று உட்கார்ந்துகொண்டாள். சற்று தூரத்திலேயே வண்டியின் நடுவயிறு ஒரு கல்லில் மாட்டிக்கொண்டது. சக்கரங்கள் காற்றில் சுற்றின. குவாரியிலிருந்து டிராக்டர் வந்து இழுக்க வேண்டியதாயிற்று. டிராக்டர்காரர் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "என்ன சார், கல்லு மேல ஆமையை எடுத்து வச்ச மாதிரி இருக்கு?" என்றார். திரும்பி வரும் வழியில் மனைவியும் சேர்ந்துகொண்டாள்: "வண்டிக்கும் வயிறு தட்ட ஆரம்பிச்சிடுச்சு. உங்களுக்குத் தட்டற மாதிரியே."

ஜாக்கியும் சிரித்தார். ஆனால் வீடு வந்து சேர்வதற்குள் முடிவு செய்துவிட்டார். வண்டியை உயர்த்திவிட வேண்டும்.

உயர்த்துவது என்பது ஒரு வேலை என்றுதான் ஆரம்பித்தார். முன்னும் பின்னும் புதிய ஸ்பிரிங் பட்டைகள் போட்டார். ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு பட்டை கூடுதல். வண்டி ஒரு சாண் உயரம் கூடியது. உயர்ந்ததும் பிரேக் டியூப்கள் எட்டவில்லை. நீளமானவற்றை வாங்கிப் பொருத்தினார். பிறகு பின்சக்கரத்துக்கு ஓடும் ஷாஃப்ட் சாய்ந்துபோனது தெரிந்தது. கொஞ்சம் வேகம் எடுத்தால் கண்ணாடியிலிருந்து ஓட்டுபவரின் பல் வரை நடுங்கியது. கியர்பாக்ஸுக்கு அடியில் துண்டு இரும்பு வைத்துச் சாய்வைச் சரிசெய்தார். பெரிய டயர் போட்டார். திருப்பினால் மட்காடில் உரசியது. மட்காடின் விளிம்பை வெட்டினார். பக்கவாட்டில் ஏறுவதற்கு இருந்த படியைக் கல்லில் இடிக்கும் என்று பிடுங்கிப் போட்டார். பெரிய டயர் வந்ததால் ஸ்பீடோமீட்டர் உண்மையான வேகத்தைக் குறைத்துக் காட்டத் தொடங்கியது. "வயசானா எல்லாரும் கொஞ்சம் குறைச்சுத்தாங்க சொல்லுவாங்க" என்றாள் மனைவி. அதை அப்படியே விட்டுவிட்டார்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்த அன்று வண்டி ஷெட்டுக்குள் நுழையவில்லை. கூரைத் தகரம் இடித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க, ஷெட்டின் கால்களுக்கு அடியில் செங்கல் அடுக்கிக் கூரையை உயர்த்தினார். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மனைவி கேட்டாள்:

"அடுத்து என்னங்க, வானமா?"

"இது மட்டும் முடியட்டும், கிளம்பிடலாம்."

இந்த ஒரு வாக்கியத்தை அவர் இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் ஒரு வேலை, வீட்டில் ஒரு வேலை. ஒன்றில் சம்பளம் உண்டு, மற்றதில் இடுப்புவலி உண்டு. வயதான வண்டி என்பது வயதான உறவினரைப் போல. ஒரு வலியைக் கவனித்தால், ஏற்கெனவே இருந்த இன்னொரு வலியை அப்போதுதான் சொல்லும். துரு உதிர்ந்து கண்ணில் விழும். நழுவிய ஸ்பேனர் மணிக்கட்டைக் கிழிக்கும். சாப்பாட்டுத் தட்டின் விளிம்பில் கறுப்பு விரல்தடம் இல்லாத ஞாயிறு கிடையாது. சில நாட்களில் அடியில் படுத்தவர் அப்படியே தூங்கிவிடுவார். கட்டைவிரல் அசையாததைப் பார்த்து டீச்சர் பயந்துபோய்க் கேட்டில் தட்டியதும் உண்டு.

இதற்கிடையில் ஒருநாள் குளியலறை வாளியின் அடி பிளந்து கிடந்தது.

"யாரு இது மேல ஏறிக் குதிச்சது?" என்றார் ஜாக்கி, சும்மா.

"பழைய வாளிங்க. அதுக்கும் ஆயுசு முடிஞ்சிடுச்சு" என்றாள் மனைவி.

தண்ணீர் நிற்காத வாளி ஷெட்டுக்குப் போய், எண்ணெய்த் துணி போட்டு வைக்கிற வாளியாகிவிட்டது.

ஒருவழியாக வண்டி தயாரானது. மனைவியின் தம்பியைக் கூட்டிக்கொண்டு குவாரி வரைக்கும் போய் ஓட்டிப் பார்த்தார். எதிலும் தட்டவில்லை. தம்பி சும்மா இருக்கிற ஆள் இல்லை. "மாமா, இது வண்டி இல்லை, ஒட்டகம். அடியில பூந்து ஒரு ஆளே குனியாம வெளிய வந்துடலாம் போல" என்றான். ஜாக்கிக்கு அது பாராட்டாகவே கேட்டது.

"இந்த ஞாயிறு போலாமா?" என்று மனைவியிடம் கேட்டார்.

"இந்த வாரம் துவைக்கிற துணி மலையா கெடக்கு."

அடுத்த வாரம் தலைவலி. அதற்கடுத்த வாரம் வெயில். பிறகு கடையில் சரக்கு எடுக்கிற வாரம். "தம்பியைக் கூட்டிட்டுப் போய்ட்டு வாங்களேன்" என்றாள். டீ போட்டு பிளாஸ்க்கில் ஊற்றிக்கூடக் கொடுத்தாள். அந்த பிளாஸ்க்கைத் திறக்காமலேயே திரும்பக் கொண்டுவந்தார் ஜாக்கி.

"அக்காவுக்குப் பொறாமை மாமா. எந்நேரமும் அதுகூடவே படுத்துக் கெடந்தா? இருபத்தெட்டு வயசுல சக்களத்தி வந்துட்டான்னு நெனைக்குது" என்றான் தம்பி. அவன் சொல்லிவிட்டுச் சிரித்தான். ஜாக்கிக்கு அது சாப்பாட்டில் சிக்கிய கல்லாக நின்றது.

ஒரு மாலை, ஷிஃப்ட் முடிந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே வாய் திறந்துவிட்டது.

"உனக்காகத்தானே ரெண்டு வருஷம் மண்ணுல புரண்டேன்?"

துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. "நான் கேட்டேனா?"

சண்டை போடவும் தெம்பு வேண்டும். இரண்டு பேரிடமும் அது இல்லை. ஜாக்கிக்கு ஒன்று மட்டும் தெளிவானது போலிருந்தது. அவளுக்கு வண்டியும் வேண்டாம், பாறையும் வேண்டாம். அவள் வராத பாறைக்கு இந்த வண்டி எதற்கு? தான் மட்டும் ஏறிப் போய்த் தனியாக டீ குடித்துவிட்டு வரவா?

ஸ்பிரிங் பட்டைக் கடைக்காரருக்கு போன் செய்தார். உயர்த்திய வண்டி என்றால் வாங்க ஆள் காத்திருக்கிறது என்றார் கடைக்காரர். ஞாயிறு காலையில் ஒருவர் பார்க்க வருவார் என்று பேச்சு முடிந்தது.

"வண்டியைக் குடுத்துடலாம்னு இருக்கேன்" என்றார் மனைவியிடம்.

"உங்க இஷ்டம்" என்றாள். சர்க்கரை கரைந்த பிறகும் டம்ளரில் ஸ்பூனைச் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

சனிக்கிழமை விடுப்பு போட்டுவிட்டு வண்டியைத் துடைக்க உட்கார்ந்தார். கொடுக்கிற வண்டியைக் குறையில்லாமல் கொடுக்க வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். ஓட்டுபவர் பக்கம் முடித்து, இடது பக்கக் கதவைத் திறந்தார். அந்தக் கதவை அவர் திறந்தே பல மாதம் ஆகியிருந்தது. தம்பி எப்போதும் தானே திறந்து தாவி ஏறிக்கொள்வான்.

உள்ளே, கதவோரக் கம்பத்தில் ஏறுபவர்கள் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி உண்டு. துடைக்கத் தொட்டதும் அது ஆடியது. போல்ட் இருந்த இடத்தில் தகடு வெளிப்பக்கமாகக் கிழிந்திருந்தது. வண்டி குலுங்கி இப்படிக் கிழியாது. முழு உடம்பின் எடையோடு யாரோ தொங்கியிருக்க வேண்டும். அதுவும் ஒருமுறை அல்ல. தம்பி கைப்பிடியைத் தொடுகிறவனே இல்லை.

குனிந்து பார்த்தார். கதவுக்குக் கீழே, அவர் புதிதாகக் கறுப்பு பெயின்ட் அடித்த விளிம்பில் கோடு கோடாகக் கீறல்கள். செருப்பின் அடிப்பகுதி ரப்பர் பழுப்பாக ஒட்டியிருந்தது. கீறல்கள் எல்லாமே மேலிருந்து கீழ்நோக்கி இழுபட்டிருந்தன. ஏறிய கால் அப்படிக் கோடு போடாது, வழுக்கிய கால்தான் போடும். லிஃப்ட்டின் கயிறு எங்கே தேய்ந்திருக்கிறது என்று பார்த்தே அது எங்கே திணறுகிறது என்று சொல்கிறவர் அவர். இதை வாசிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

தரையைப் பார்த்தார். கிரீஸும் புழுதியும் படிந்த சிமென்ட்டில் வட்டமாக ஒரு தடம். அதன் மேல் கொஞ்சம் விலகி இன்னொன்று. எண்ணெய்த் துணிகளைக் கொட்டிவிட்டு, அடி பிளந்த வாளியை எடுத்து அந்தத் தடத்தின் மேல் கவிழ்த்தார். கச்சிதமாக உட்கார்ந்தது.

ஜாக்கி பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். அங்கிருந்து அண்ணாந்து பார்த்தபோது, வண்டியின் இருக்கை எங்கேயோ இருந்தது.

மதியம் மனைவி மருந்துக்கடையிலிருந்து வந்தாள். கேட்டைத் திறந்தவள் முதலில் வாளியைப் பார்த்தாள், பிறகு அவரை.

"வாளியைக் கண்டுபிடிச்சிட்டீங்களா?"

"கைப்பிடியையும்."

கைப்பையை வண்டியின் பம்பரில் மாட்டிவிட்டு, சுவரில் சாய்ந்து நின்றாள். "உங்களுக்கு மதிய ஷிஃப்ட் வர்ற வாரத்துல ஏறிப் பாத்தேன். ஒரு தடவை ஏறிட்டா அப்புறம் பழகிடும்னு நெனச்சேன். முட்டி மடங்கவே மாட்டேங்குது. சரி, கீழ எதையாவது போட்டுப் பாக்கலாம்னா, வாளி காலை வாரிடுச்சு."

"விழுந்துட்டியா?"

"உக்காந்தேன். கொஞ்சம் வேகமா உக்காந்தேன்."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"எப்போ சொல்றது? எப்பப் பாத்தாலும் அடியில இருக்கீங்க. காலுகிட்டயா சொல்றது?"

அடியில் இருந்தபோது அவள் எத்தனையோ முறை வந்து நின்றுவிட்டுப் போயிருக்கிறாள். அவருக்குத் தெரியும். செருப்புச் சத்தம் வரும், கொஞ்சம் நிற்கும், போய்விடும். டீ வேண்டுமா என்று கேட்க வந்திருப்பாள் என்று நினைத்துக்கொள்வார்.

"நீங்க அவ்வளவு ஆசையா செஞ்சீங்க. முடிஞ்ச அன்னிக்கே என்னால ஏற முடியலைன்னு எப்படிச் சொல்றது? முட்டி கீழேயே இருந்துடுச்சு, வண்டி மேல போயிடுச்சு" என்றாள்.

"படி ஒண்ணு வெல்ட் வச்சுடறேன்."

"கல்லுல இடிக்கும்னு நீங்கதானே படியைப் பிடுங்கினீங்க? அதுவும் இல்லாம, அங்க போனா எடத்துக்கு எடம் எறங்கணும், ஏறணும். ஒவ்வொரு தடவையும் முக்காலியைத் தூக்கிட்டு என் பின்னாடியே ஓடி வருவீங்களா? அது என்ன விமானமா?"

ஜாக்கி டயரில் ஒட்டியிருந்த மண்ணைச் சுரண்டினார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "அன்னிக்கு மாட்டிக்கிட்டோமே, அப்போ நீ ஏன் எறங்கலை?"

"அப்பவே வலிதான்." அவள் வேறு பக்கம் பார்த்தாள். "எறங்கியிருந்தா அந்தக் கல்லு தெரிஞ்சிருக்கும். வலது பக்கம் தாராளமா வழி இருந்துச்சு. டிராக்டர் வந்தப்போதான் நானே பாத்தேன்."

வலது பக்கம் வழி இருந்திருக்கிறது. வண்டியின் உயரத்தில் அன்றைக்கு ஒரு கோளாறும் இருக்கவில்லை. முன்னால் ஆள் நடக்கவில்லை, அவ்வளவுதான். அதற்குப் போய் ஸ்பிரிங்கை மாற்றி, பிரேக்கை மாற்றி, மட்காடை வெட்டி, கூரையைத் தூக்கி, இரண்டு வருட ஞாயிறுகளைத் தின்றாகிவிட்டது. ஆறு மாடியிலும் ஒரு விரல் வித்தியாசத்துக்கு ஓடுகிற மனிதர், தன் வீட்டு வாசலில் மனைவிக்கும் இருக்கைக்கும் நடுவே ஒரு சாண் உயரத்தை நட்டு வைத்திருக்கிறார்.

கோபம் வரும் என்று எதிர்பார்த்தார். அலுப்புதான் வந்தது. மனம் தானாகவே கணக்குப் போடத் தொடங்கியிருந்தது. பட்டைகளைப் பிடித்திருக்கும் போல்ட்கள் இதற்குள் துருவேறியிருக்கும், எண்ணெய் ஊற்றி ஊற வைக்க வேண்டும். கியர்பாக்ஸுக்கு அடியில் வைத்த இரும்பை எடுக்க வேண்டும். பெரிய டயரும் போக வேண்டியதுதான். பிரேக் டியூப் நீளமாக இருந்தால் பாதகமில்லை, மடித்துக் கட்டிவிடலாம். வெட்டின மட்காடு வெட்டினதுதான். பழைய பட்டைகள் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், எண்ணெய்ச் சாக்கில் சுற்றியபடி கிடக்கின்றன. அன்றைக்குத் தூக்கி எறியக் கைவரவில்லை.

"எறக்கிடறேன்" என்றார்.

"இன்னும் ரெண்டு வருஷமா?"

"பழசைத் திரும்பப் போடறது அவ்வளவு இழுக்காது. எல்லாம் அதே ஓட்டை, அதே போல்ட்."

"அப்போ கூரை?"

"கூரை உசரமாவே இருக்கட்டும். காத்து வரும்."

அவள் குனிந்து, சுவரைப் பிடித்தபடி, வாளியை நேராக நிமிர்த்தி வைத்தாள். அந்தக் குனிதலை அவர் இப்போதுதான் கவனித்தார். வலது கால் மடங்காமல் கட்டையாக நீண்டு நின்றது.

"வியாழக்கிழமை எங்க ஆஸ்பத்திரிக்கு வா. எலும்பு டாக்டர் நாலாவது மாடி."

"லிஃப்ட் ஓடுமா?"

"ஓடும்."

"மட்டமா நிக்குமா?"

"நிக்கும்."

பட்டைக் கடைக்காரரிடம் போனில் சொன்னபோது அவர் நம்பவில்லை. "என்னண்ணே வெளையாடறீங்களா? ஊரே தூக்குது, நீங்க எறக்குறீங்க! மறுபடியும் வயிறு தட்டுமே?"

"தட்டாது. முன்னாடி ஆள் நடக்கும்."

சொல்லிவிட்டாரே தவிர, டாக்டர் என்ன சொல்வார் என்று அவருக்குத் தெரியாது. கல்லில் நடக்கக் கூடாது என்றும் சொல்லலாம். அப்படிச் சொன்னால் அவள் உட்கார்ந்துகொள்வாள், இவர் இறங்கி நடந்து பார்த்துவிட்டு வந்து ஓட்டுவார். நேரம் இரண்டு மடங்காகும். டீ ஆறிப்போகும். மனைவி உள்ளே போய்த் தைலத்தை எடுத்து வந்தாள். ஜாக்கி வண்டிக்கு அடியில் நுழைந்து, போல்ட்கள் ஒவ்வொன்றிலும் எண்ணெய் விட்டு ஊற வைத்தார். வெளியே நீட்டிக்கொண்டிருந்த கால்களுக்குப் பக்கத்தில் அவள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

ஞாயிறு காலையில் வண்டி பார்க்க வருவதாக இருந்தவர் வரமாட்டார். அன்றைக்குப் பழைய பட்டைகள் ஏறும், முதலில் இடது பக்கம்.